டடக் சத்தமும் மொய்தீன் பாயின் முதுகும்

சென்ற வியாழக்கிழமை ஆபீஸில் அரை நாள் லீவு போட்டேன். குடும்பத்தோடு பீச்சுக்குப் போகவா? அந்தக் கொடுப்பினை எல்லாம் எனக்கு ஏது... சனையாவில் ஓர் ஒர்க்ஷாப் வாசலில், கிழிந்த சோபாவில் உட்கார்ந்து, என் கார் தலைக்கு மேலே தொங்குவதை அண்ணாந்து பார்ப்பதற்கு!

ஷார்ஜாவில் ஒர்க்ஷாப்புகள் மொய்க்கும் பகுதிக்கு சனையா என்று பெயர். பழைய கார் வைத்திருப்பவனுக்கு அது மாமியார் வீடு மாதிரி. போகவும் பிடிக்காது, போகாமலும் இருக்க முடியாது.

என் காரைப் பற்றி உங்களிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். வயசான அமெரிக்க வண்டி. பார்க்கிங்கில் நிறுத்தினால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோலை மோர் மாதிரி குடிக்கும். பிறகு ஏன் வாங்கினேன் என்கிறீர்களா? டிக்கிக்காக! வளைகுடாவில் நம்மவர்கள் பழைய கார் வாங்கும்போது எஞ்சினையா பார்க்கிறார்கள்? டிக்கியைத் திறந்து, எத்தனை அட்டைப்பெட்டி போகும் என்று மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அன்று பிடித்தது சனி.

ஷார்ஜா முவைலாவில் எங்கள் பில்டிங்கிலிருந்து யார் ஊருக்குப் போனாலும் ஏர்போர்ட்டுக்கு என் வண்டிதான். ஆளைச் சுற்றிக் கயிறு கட்டிய பெட்டிகள். பால் பவுடர், கம்பளி, தைலம், பேரனுக்கு சைக்கிள்... "நாம வச்சிருக்கறது காரா, கார்கோ ஆபீஸா?" என்று என் மனைவி கேட்காத மாதம் இல்லை.

சில மாதங்களாகவே முன் பக்கத்தில் ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் 'டக்'. இறங்கினால் 'டடக்'. பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். நான் ரேடியோவின் வால்யூமைக் கூட்டிச் சமாளித்து வந்தேன். நீங்களும் அப்படித்தானே?

ஆனால் இந்த முறை தள்ளிப்போட முடியவில்லை. காரணம், மொய்தீன் பாய்.

பாய்க்கு அதிராம்பட்டினம். எனக்கு பட்டுக்கோட்டை. கூப்பிடு தூரம்தான் என்பதால் இங்கே வந்து சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். துபாய் தேராவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், குடியிருப்பது எங்கள் மாடியில். ஏர்போர்ட் பயணம் என்றால் பெட்டி அடுக்குவது அவர் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டார். மூடவே மூடாது என்று நான் கைவிட்ட டிக்கியை முதுகை முட்டுக் கொடுத்து மூடிவிட்டு, "இன்னொண்ணு தாங்கும் தம்பி" என்பார்.

அந்த முதுகுதான் போன மாதம் படுத்துவிட்டது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, காலில் மரப்பு ஏற ஆரம்பித்துவிட்டது, ஊரில் ஆபரேஷன் செய்வதென்றால் தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். விமானத்தில் போகலாம் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார். ஒரே நிபந்தனை — சீட்டில் நிமிர்ந்து உட்கார முடிய வேண்டும்.

முதல் தடவை, என் வண்டியின் டடக்குக்குப் பயந்து, ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் போனார். வழியில் ஏதோ ஒரு ஸ்பீடு பிரேக்கர் தூக்கிப் போட்டதில் வலி பிடித்துக்கொண்டது. கவுண்டரில் துடித்தவரைப் பார்த்து, ஏற்ற மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் திரும்பி வந்தால்? அந்தக் கால் என்ன ஆகும்? நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஒங்க வண்டில பின் சீட்டு கட்டில் மாதிரி இருக்கும். படுத்துக்கிட்டே வந்துடுறேன் தம்பி" என்றார் பாய். படுக்கலாம்தான். அந்த டடக்கை என்ன செய்வது? அதனால்தான் சனையா.

மெக்கானிக் கான் பாய் பெஷாவர்காரர். சாமான் மாற்ற வேண்டும் என்று, சத்தத்தைக் கேட்டே அதற்கு முந்தின வாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாமானுக்காக நான் தேராவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அமெரிக்க வண்டியா, அந்த மாடலா என்று ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஒரிஜினல் மாஃபி", அதாவது இல்லை என்று கையை விரித்தார்கள். நாக்கு தள்ளிய பிறகு ஒரு கடையில் கிடைத்தது.

வியாழக்கிழமை கான் பாய் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் கைக்குள் கடப்பாரையை விட்டு நெம்பினார். கை ஆடியது. "தேக்கோ... புஷ் கலாஸ். ரப்பர் மாஃபி. லோஹா பே லோஹா" என்றார். புஷ் போய்விட்டதாம், ரப்பரே இல்லையாம், இரும்போடு இரும்பு மோதுகிறதாம்.

அந்தக் கை சேஸிஸோடு சேரும் இடத்தில், இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் இருக்கிறது. அதற்குப் பெயர் புஷ். ரோட்டின் அடியை எல்லாம் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. பழசைப் பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளி என் உள்ளங்கையில் போட்டார். வெடித்து, காய்ந்த வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்தது. மொய்தீன் பாயின் ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். நடுவில் இருந்தது தேய்ந்துவிட்டது.

புதுசு உள்ளே போனதும் எழுந்தேன். முடிந்தது, டைட் பண்ணிக் கொடுங்கள் என்றேன். கான் பாய் தலையை ஆட்டி மறுத்தார். வண்டி தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால், கீழே இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழியுமாம். எப்போதும் ஓடுகிற எடையோடு, தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டுமாம்.

"கித்னா வெயிட் லேக்கே சல்தா ஹை?" என்று கேட்டார்.

எப்போதும் எவ்வளவு எடையோடு ஓடும்? நான் என்ன சொல்வது... "ஏர்போர்ட்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நம்மவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! வண்டியை இறக்கி, மூலையில் கிடந்த பழைய கியர்பாக்ஸைத் தூக்கி டிக்கியில் வைத்து, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பிறகுதான் அடியில் படுத்து முறுக்கினார். திரும்பி வரும்போது டடக் இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டே ஓட்டினேன்.

வீட்டில் படுத்திருந்த மொய்தீன் பாய்க்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று, கியர்பாக்ஸ் கதை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பாய் கிளம்ப வேண்டிய சனிக்கிழமை மதியம் வண்டியை எடுக்கப் போனால், டிக்கிக்குள் பெட்டிகள். தரையில் பெட்டிகள். பில்டிங்கில் பாதிப் பேர் கயிறும் கையுமாக நிற்கிறார்கள். பின் சீட்டில் தலையணையோடு படுத்திருந்த பாய், ஜன்னல் வழியே, எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், ஒங்க ஒடம்பு இருக்கற இருப்புக்கு இதெல்லாம் தேவையா? எல்லாத்தையும் எறக்கச் சொல்லுங்க!"

"இல்ல தம்பி... வெயிட் வச்சுத்தானே கான் பாய் டைட் பண்ணாரு? இப்ப காலியா ஓட்டுனா ரப்பர் திருகிக்காதா? ஒங்க வண்டிக்காகத்தான் சொல்றேன்."

நான் அவரையே பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

தோற்றுப்போய் ஓட்டினேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வண்டியை இறக்கினேன். கண்ணாடியில் பாயின் முகத்தைப் பார்ப்பேன். கண்ணை மூடி உதட்டைக் கடித்திருப்பார். துபாய் ரோட்டில் வழக்கமான ட்ராஃபிக் வேறு. ஊர்ந்தோம். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் என் பரம்பரையையே திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

ஏர்போர்ட்டில் வீல்சேர் வந்தது. என் தோளைப் பிடித்து எழுந்து, மெல்ல உட்கார்ந்தார். நிமிர்ந்தார். "பஞ்சு மாதிரி வந்துச்சு தம்பி. தெரிஞ்சிருந்தா இன்னொண்ணு ஏத்தியிருக்கலாம்" என்றார்.

கவுண்டரில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்து — தங்கராசு, பேராவூரணி... அன்சாரி, மல்லிப்பட்டினம்... செல்வம், ஒரத்தநாடு... கடைசிப் பெட்டி வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டேன். மொய்தீன் என்ற பெயரை மட்டும் காணோம்.

"பாய்... ஒங்க பெட்டி எங்க?"

மடியில் இருந்த ஸ்கேன் உறையைத் தட்டினார். "எனக்கு எதுக்கு தம்பி பெட்டி? இந்தத் தடவ நான்தானே பார்சல்."

அவர் சிரித்தார். போர்டிங் பாஸைக் கையில் கொடுத்து அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்க்க முதுகு விடாது என்பதால், கையை மட்டும் பின்பக்கமாகத் தூக்கி ஆட்டினார்.

இரும்புகள் சத்தம் போடாமல் ஓடுவதற்கு நடுவில் ஏதோ ஒன்று நசுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அது தேராவில் கிடைக்கிறது. கடை கடையாக அலைய வேண்டும், அவ்வளவுதான். மனுஷனுக்கு?

களைத்துப் போய் வீட்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மனைவி சொன்னாள்: "ஒங்களுக்கு போன் வந்துச்சு. அடுத்த வாரம் கீழ் வீட்டுக்காரர் லீவுல போறாராம். இப்பல்லாம் நம்ம வண்டி குலுங்கறதே இல்லையாமே?"

குலுங்குவதில்லைதான். டிக்கியும் காலியாகத்தான் இருக்கிறது. அடுக்கத்தான் ஆள் இல்லை.