3டி ஸ்கேனில் தெரிந்த பள்ளம்

இன்று ஏழாம் மாத 3டி ஸ்கேனுக்காக ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி போயிருந்தேன். துணைக்கு மதினி, என் கணவரின் அக்கா, வந்தார்.

திரையில் குழந்தையின் முகம் வந்தது. மேலுதட்டில் ஒரு பள்ளம். உதடு பிளந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"தொப்புள்கொடி குறுக்க கிடக்கும்மா, அதோட நிழல்தான். கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

நான் நம்பவில்லை. "மதினி, எதையோ மறைக்காவ" என்றேன். வராந்தாவில் அரை மணி நேரம் நடந்தோம்.

திரும்பப் படுத்ததும் குழந்தை கையால் முகத்தை மூடிக்கொண்டது. டாக்டர் சாதாரண கறுப்பு வெள்ளை ஸ்கேனுக்கு மாற்றி, கைக்கு அடியில் இருந்த உதட்டைக் காட்டினார். பிளவு எதுவும் இல்லை. அப்போதுதான் நம்பினேன்.

கையில் கொடுத்த 3டி படத்தில் பாதி முகம், பாதி களிமண் உருண்டை மாதிரி. துபாயிலிருக்கும் கணவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"ஏளா, மூக்கு அப்படியே என் மூக்கு!"

எனக்கு அதில் மூக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர்களுக்கும் இப்படித்தான் தெரிந்ததா?