வாட்ஸப்ல வந்த மூணாங்கிளாஸ்

அக்கா செத்து நாலு மாசம் ஆவுது. கடைசியா ஒரு தடவ முகத்தக்கூட பாக்கல. குவைத்து மங்காஃப்லேந்து வர லீவு கிடைக்கல.

அவ மவ ஊர்ல மூணாங்கிளாஸ் படிக்கா. நானும் அக்காவும் படிச்ச அதே கவர்மெண்டு பள்ளிக்கூடம். கடக்கரை ஊருல்லா, பாதிப்பேரு பிள்ளையள டவுனுல இங்கிலீசு ஸ்கூலுக்கு வேன்ல அனுப்பிட்டாவ. இப்ப மொத்தமே பதினாலு பிள்ளையதான். இன்னும் ரெண்டு மூணு போச்சுன்னா இழுத்து மூடிருவாவன்னு பேச்சு.

வாரா வாரம் டீச்சர் வாட்ஸப்ல வீடியோ அனுப்புவாவ. மருமவ புஸ்தகத்த வச்சிக்கிட்டு கடகடன்னு படிக்கும். ரூம்ல உள்ளவனுவ எட்டிப்பாத்து, "ஏல, உன் மருமவ கலெக்டராயிருவா. அதே பள்ளிக்கூடத்துல படிச்ச நீ மட்டும் எப்டில இப்டி ஆன?"ன்னு சிரிப்பானுவ.

எனக்கு சிரிப்பு வரல. அவ விரலு ரெண்டாவது வரியில நிக்கி. வாயி நாலாவது வரிக்கு போயிருச்சி.

எனக்கு தெரியாதா இந்த வேல? எட்டு வரைக்கும் யாரையும் பெயில் போட மாட்டாவ. பக்கத்துல உள்ளவன் சொல்லுததயே கூடச்சொல்லி நானும் எட்டு முடிச்சேன். இங்க வந்தப்ப கம்பெனியில தமிழ்ல ஒரு பேப்பர் தந்தானுவ. படிச்ச மாதிரி தலையாட்டி கையெழுத்து போட்டேன். ரெண்டு வருசத்துக்கு லீவு கேக்க மாட்டேன்னு அதுல எழுதியிருந்துச்சாம். ரூம்ல ஒருத்தன் படிச்சி சொன்னப்பதான் தெரியும். அந்த கையெழுத்துலதான் அக்கா முகம் போச்சு. அதுக்கப்புறந்தான் எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்சேன்.

பிள்ளைக்கும் அதே கதி வரக்கூடாது. நேரா டீச்சருக்கே போன் போட்டேன்.

"டீச்சர், எண்ணிக்கை குறையக்கூடாதுன்னுதான பிள்ளைய பிடிச்சி வச்சிருக்கீய? மச்சான்ட்ட சொல்லி டி.சி. வாங்கப்போறேன்."

டீச்சர் வகுப்ப விட்டு வெளிய வந்து பேசுனாவ.

"எண்ணிக்கையும் வேணும்தான் தம்பி, நான் பொய் சொல்லல. பிள்ளைக்கு இன்னும் எழுத்து கூடல. மனப்பாடமா சொல்லுதா. அவ அம்மா இருந்தவரைக்கும் சாயங்காலம் கூட உக்காருவா. இப்ப யாருமில்ல."

"பின்ன எதுக்கு வீடியோ?"

"உங்க மச்சான்தான் அனுப்பச் சொன்னாரு."

மச்சானையும் விடல. "ஆமா மாப்ள"ன்னாரு. "நீ போன்ல அழுத அழுகைக்கு எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

ரெண்டு பேருமா சேந்து என்ன ஏமாத்திட்டாவ, இனி யார நம்ப? டவுனு ஸ்கூல்ல மட்டும் இவள கூட உக்காத்தி வச்சா சொல்லிக்குடுப்பானுவ? வாத்தியார் பேருகூட தெரியாத இடம். கடைசியில டீச்சர்ட்டதான் கேட்டேன். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் தனியா வச்சி சொல்லிக்குடுங்க, வெள்ளிக்கிழமதோறும் நானே போன்ல படிக்கச் சொல்லி பாக்குதேன்னு. சரின்னாவ.

ஒரு மாசம் கழிச்சி, போன வெள்ளிக்கிழம வீடியோ கால்ல, வீட்டுல கிடந்த அரிசிச் சாக்க காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் முழிச்சா. அப்புறம் ஒவ்வொண்ணா, "பொன்... னி... பு... ழு... புழுங்கல்".

"பக்கத்துலேந்து யாருட்டி சொல்லித்தந்தா? மச்சான், நீங்க வெளிய போங்க!"

அவரு செருப்ப மாட்டிட்டு தெருவுக்கு போனாரு. டீச்சர் அங்க இல்ல. சாக்க திருப்பச் சொன்னேன். அடியில சின்ன எழுத்துல என்னமோ இருந்துச்சி.

"ஈர... ஈரம்... படா... மல்... மாமா, ஈரம் படாமல் வைக்கவும்!"

டி.சி. இப்போ வேண்டாம், பரிச்ச வரைக்கும் பாப்போம்னு மச்சான்ட்ட சொன்னேன். டீச்சர்ட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டேன், இனிமே வீடியோ அனுப்பாதீங்கன்னு.