மழை நாளில் வரும் நோயாளிகள்

மார்புச் சிகிச்சைப் பிரிவில் என் வேலை, சளிக் குப்பியைக் கொடுத்தனுப்பிவிட்டு அது திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. வராத ஆளுக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இது புரியும். முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. அன்று கடமையில் இருந்த தாதி சொல்லித்தான் தெரியும்.

குப்பி வாங்கியவர்

தெல்தோட்டையிலிருந்து வந்து கண்டியில் கட்டட வேலை செய்பவர் யோகன். மஹய்யாவ பக்கம் ஓர் அறையில், கூட வேலை செய்யும் வத்தேகமக்காரர் பாலாவுடன் தங்கியிருந்தார். இரண்டு மாத இருமல். காலையில் எழும்பியதும் ஆழமாக இருமி, வரும் சளியை எடுத்துவரச் சொல்லித் தாதி குப்பியைக் கொடுத்திருக்கிறார். யோகன் தயங்கினாராம். "லீவு கேட்டா பாஸ் வேற ஆளப் போட்டுருவாரு மிஸ். மழை பேஞ்சா வேலை நிக்கும், அன்னைக்கு வரவா?"

யாருடைய சளி

மழை பெய்தது, யோகன் வந்தார். குப்பியில் அவர் பெயரை ஒட்டியது நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான் என்பதால் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தேன். அது யாருடைய சளி என்று மட்டும் கேட்கவில்லை.

காசநோய்க் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. செய்தியைச் சொன்னதும் யோகன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அது என்னோடது இல்லைங்க சார். நோய்னு தெரிஞ்சா வேலை போயிரும்னு பாலாகிட்ட வாங்கிட்டு வந்தேன். அவன் சும்மா செருமத்தானே செய்வான்."

பையைக் கட்டியவர்

மறுபடி சோதித்ததில் யோகனின் சளியிலும் கிருமி இருந்தது. வேலைக்குப் போகுமுன் தெருமுனைக் கடைக்காரர் முன்னிலையில் தினமும் குளிசை விழுங்க ஏற்பாடு செய்தோம். பாலாவைத் தேடி அவர்கள் அறைக்குப் போனபோது அவர் கொழும்பில் புதுக் கட்டட வேலைக்காகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்குள்ள மார்புச் சிகிச்சை நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஆறு மாதமும் விடாமல் குளிசை குடிக்க வேண்டும் என்றேன். அவர் யோகனைப் பார்த்துச் சிரித்தார். "ஒன் குப்பிய நெரப்பினதுக்கு நல்ல பரிசு தந்தடா."

தொலைபேசியில்

யோகன் ஆறு மாதத்தையும் முடித்தார். அதன்பிறகுதான் கொழும்பு நிலையத்துடன் தொலைபேசியில் பேசினேன். முன்பே பேசியிருக்க வேண்டும். பாலா ஒரேயொரு தடவை போய், இரண்டு வாரக் குளிசை வாங்கியிருக்கிறார். அன்று மழையா என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரரான அந்த நிலையத்து எழுத்தர் யோசித்துச் சொன்னார்: "ஓம் தம்பி, அண்டைக்கு நல்ல மழை. பிறகு ஒரு மாசம் இஞ்ச மழையே இல்லை."

ஆறு மாதக் குளிசைக்கு எத்தனை மழை நாள் வேண்டும் என்று எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.