ஏகமனதாக என்று எழுதியவள்

அந்தத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் ஆறு பெயர்கள் இருந்தன. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு யார் யார் வரவேண்டும் என்று பேராசிரியர் அனுப்பிய சாதாரண அழைப்பு அது. வழக்கமாக அவருடைய பெயருக்கு அடுத்ததாக அண்ணையின் பெயர் இருக்கும். என்னுடையது நான்காவதோ ஐந்தாவதோ. அன்று என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அண்ணையின் பெயர், முந்தின மாதம்தான் வந்து சேர்ந்த மாணவிக்கும் கீழே, கடைசியில் கிடந்தது. வேறு எந்த அலுவலகத்திலும் இதை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். எங்களுக்கோ பெயர் வரிசையைப் படிப்பதுதான் தொழில்.

மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஆசிய நாடொன்றை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழுவை ஆராய்ந்த சின்னக் கூட்டம் நாங்கள். அண்ணை என்று நான் சொல்வது பக்கத்து மேசையில் இருந்தவரை. சொந்தமில்லை. யாழ்ப்பாணத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணை. அந்த மத்திய குழுவில் யார், எந்த வருடம் வந்தார், எப்போது போனார் என்ற பட்டியலை நான்கு வருடமாகத் தனியாளாகக் கட்டியவர் அவர். அதில் பிழை பார்ப்பது என் வேலை.

கட்சியின் யாப்பை, அதாவது அதன் அமைப்பு விதிகளை, படித்தால் எல்லாம் கீழேயிருந்து மேலே போகும். மாநாடு மத்திய குழுவைத் தெரிவுசெய்யும். மத்திய குழு அரசியற்குழுவைத் தெரிவுசெய்யும். அதற்குள்ளிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நிலைக்குழுவாக உட்காருவார்கள். நடப்பிலே பட்டியல் மேலேயிருந்து கீழே வரும். யாரைத் தெரிவுசெய்யவேண்டும் என்பதை மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசி முடித்திருப்பார்கள். மண்டபத்தில் மிச்சமிருப்பது கையை உயர்த்துவது மட்டும்தான். முழு உறுப்பினருக்கு வாக்கு உண்டு. மாற்று உறுப்பினர் வந்து இருக்கலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. முழு உறுப்பினர் ஒருவர் செத்தாலோ நீக்கப்பட்டாலோ, மாற்று வரிசையில் முதலில் நிற்பவர் அந்த இடத்துக்கு ஏறுவார். “பாரும் பிள்ளை, முன்வாங்கிலை ஆரேன் தும்மினால் காணும், பின்வாங்கிலை இருக்கிறவைக்கு முகமெல்லாம் சிரிப்பு” என்பார் அண்ணை. நானும் சிரிப்பேன்.

பிணக்கு அண்ணையின் பட்டியலில் ஒரே ஒரு கட்டத்தில்தான் வந்தது. முழு உறுப்பினர் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு கூட்டங்களில் இல்லை. படமில்லை, செய்தியில்லை. ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று போடச் சொன்னார் பேராசிரியர். அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போக அவர் விசாவுக்குக் காத்திருந்த நேரம் அது. அண்ணை ‘எங்கே என்று தெரியவில்லை’ என்று எழுதினார். பேராசிரியர் மாற்றினார். அண்ணை திரும்பவும் மாற்றினார். “ஓய்வெடுக்கிற மனிசன் வீட்டிலை இருப்பானெல்லோ? இவனை மனிசிகூடக் காணேல்லையாம்” என்று என்னிடம் சொன்னார். அவருடைய சொந்த மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிடும் விண்ணப்பம் அப்போது பாதியில் நின்றது. அதற்கு அவர் இணைத்திருந்தது இந்த வேலைக்கான கடிதத்தைத்தான். எனக்கு அது தெரியும்.

அந்த மின்னஞ்சலுக்கு முந்தின கிழமை பேராசிரியர் என்னைக் கோப்பி குடிக்க அழைத்திருந்தார். பொறுப்புக் கூடினால் ஏற்பாயா என்று கேட்டார். எனக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்த பிறகு விடுப்புக்கால உதவி கிடைக்க வேலை அறுபடாமல் இருக்கவேண்டும். ஏற்பேன் என்றேன். யாருடைய பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ? கேட்காமல் விட்டதே தெரிந்ததினால்தானோ? இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாக வருவதில்லை.

திங்களிலிருந்து வியாழன் வரை எனக்கு மூன்று மத்தியானங்கள் இருந்தன. மூன்றிலும் அண்ணைக்கு எதிரேதான் சாப்பிட்டேன். “என்ன, இண்டைக்கும் புட்டோ? மத்திய குழுத் தீர்மானமோ?” என்று என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். அந்த வரிசை தற்செயலாக இருக்கலாம், சொல்லி அவரை ஏன் கலவரப்படுத்துவான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர் ஊழியர் சங்கத்திடமாவது போயிருக்கலாம்.

கூட்டத்துக்குப் பேராசிரியர் குரோசான் வாங்கி வந்திருந்தார். ஆய்வின் திசை மாறுகிறது, அண்ணையின் ஒப்பந்தத்தை இந்தத் தவணையோடு முடிக்கவேண்டியிருக்கிறது என்று இனிமையான பிரெஞ்சில் விளக்கினார். எல்லோருடனும் தனித்தனியே பேசியாயிற்று, ஆனாலும் இங்கே எதையும் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்வோம் என்றார். கைகள் உயர்ந்தன. என்னுடையதும் உயர்ந்தது. கடைசியாக அண்ணை, தன்னை நீக்கும் தீர்மானத்துக்குத் தன் கையையும் உயர்த்திவிட்டு, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “எழுதும் பிள்ளை. ஏகமனதாக.”

எழுதினேன். அவர் எழுந்து போன பிறகு ஒரு குரோசானும் தின்றேன். பசித்தது, வயிற்றில் பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் அது ருசியாக இருந்தது. அடுத்த கிழமை அவருடைய மேசைக்கு நான் மாறினேன். ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று போட்டதும் நான்தான்.

இப்போது மகனுக்கு மூன்று வயது. இந்த மாதத் தொடக்கத்தில் காது வலியென்று அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சக்கர நாற்காலியொன்றைத் தள்ளிக்கொண்டு நீலச் சீருடையில் வந்தவர் அண்ணை. என்னைக் கண்டு நின்றார். குனிந்து, “என்ன தம்பி, காதுக்கை ஆர் இருக்கிறது?” என்று கேட்டார். மகன் பிரெஞ்சில், ஒருவரும் இல்லை என்றான். அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். மனைவி வந்துவிட்டாவா என்று கேட்டேன். “இல்லை. திரும்ப முதலிலையிருந்து போட்டிருக்கு.”

பிறகு அவராகவே சொன்னார். “அந்த ஈமெயிலை நானும் பாத்தனான் பிள்ளை. திங்கட்கிழமையே விளங்கீட்டுது. நீர் வந்து சொல்லுவீர் எண்டு மூண்டு நாள் இருந்து பாத்தன்.” கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருக்கலாம்.

ஒரு கல்லூரியில் படிப்பிக்க விண்ணப்பிக்கிறாராம். அந்தப் பட்டியல் தன்னுடைய வேலை என்பதற்குச் சான்று இல்லை. வெளிவந்த நூலில் அவர் பெயரே இல்லை. “பேராசிரியரிட்டைக் கேக்கேலாது. நீர்தானே பக்கத்திலை இருந்தனீர். ஒரு பக்கத்திலை எழுதித் தந்தால் காணும், மாத முடிவுக்குள்ளை.” அந்த நூலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. என் ஒப்பந்தம் இந்த இலையுதிர்காலத்தில் புதுப்பிக்கப்படவேண்டும். மகனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டரிக்குக் காசு கட்டவேண்டும். “பேந்து சொல்லுறன் அண்ணை” என்றேன். “ஓம், ஓம், ஆறுதலாய்ச் சொல்லும்” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மகன் கார்டரியில் இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் அந்தக் கடிதத்தை எழுதத்தான் உட்காருகிறேன். ஒரு பக்கம் போதும் என்றார். அதை எழுதாமல் இதை எழுதி முடித்திருக்கிறேன். இதிலும் அவருடைய பெயரை நான் எழுதவில்லை.