மாமன் போடாத தாவணி

கம்பத்தில் ஜீப் ஓட்டிய கோட்டைச்சாமிக்கு அக்காள் மகள் பூமாரி என்றால் உசிர். அக்காள் புருஷன் பாம்பு கடித்துப் போன நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எல்லாம் அவர்தான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக் குமுளி போய்த் திரும்பும்போதெல்லாம் மார்க்கையன்கோட்டைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். நேந்திரங்காய் வறுவல், ரப்பர் வைத்த பென்சில், ஒரு தடவை மலையாளத்துக் குடை. அந்தத் தெருவில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் பூமாரி. "இது டீச்சர் வேலைக்குப் போகட்டும்க்கா. பேனா பிடிக்கிற கை களையெடுக்கக் கூடாது" என்பார்.

இன்னொன்றும் சொல்லுவார். "நீ பெரியவளாகு தாயி. குச்சு நானே கட்டுவேன். பச்சைப் பட்டுல தாவணி எடுத்துப் பெட்டியில வச்சாச்சு." பெண் வயதுக்கு வந்தால் அவள் தனியே இருக்கத் தென்னை ஓலையில் தாய்மாமன் குச்சு கட்டவேண்டும்; அவன் கொண்டுவரும் சீரில்தான் முதல் தாவணி இருக்கும். அதுவரை பாவாடை சட்டைதான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம். வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்தால் வரும் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு முதல் பெண்கள் எல்லாரும் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணியில்தான் வரவேண்டும், இல்லையென்றால் வகுப்புக்குள் இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டார். வகுப்பில் பதினாறு பெண்கள். பதினைந்து பேருக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. பூமாரி மட்டும் இன்னும் வயதுக்கு வரவில்லை.

"மாமன் போடாம தாவணி மேல ஏறக்கூடாதுடி" என்றாள் தாய் அக்கம்மாள். "சத்தமில்லாம சடங்கை முடிச்சுட்டா அக்கம்மான்னு ஊரு பேசாதா?"

மூன்று நாள் பூமாரி வாகை மரத்தடியில் உட்கார்ந்து, சன்னல் வழியாகக் கேட்ட கணக்குப் பாடத்தை எழுதிக்கொண்டாள். நாலாம் நாள் கூடப் படிக்கும் ஞானபாக்கியம் கிளம்பினாள். ஜவுளிக்கடைக்காரர் மகள், யாருக்கும் பயப்படாதவள். 'வீட்டு வழக்கப்படி தாவணி அணிய இயலாத சில மாணவியரைப் பாவாடை சட்டையுடன் அனுமதிக்க வேண்டும்' என்று மனு எழுதி, மற்றப் பெண்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியர் அதைச் சத்தமாகப் படித்தார். "சில மாணவியர்னு போட்டிருக்கே. யாரது? முன்னால வா."

யாரும் அசையவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் பாவாடை சட்டையோடு நின்றவள் ஒருத்திதான். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல் போய் நின்றது.

"ஒரு ஆளுக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது" என்று மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பையன்களுக்கு அவள் பால்வாடி. "ஏலே, பால்வாடி வருதுடா, வழி விடு!"

"எல்லாம் என்னாலதான்டி" என்று அழுத ஞானபாக்கியம், தன் பழைய தாவணி ஒன்றைக் கொண்டுவந்தாள். "பைக்குள்ள வச்சுக்க. வாய்க்கா ஓரத்துப் பம்புசெட் ரூம்ல போட்டுக்க, திரும்புறப்பக் கழட்டிரு. ஊருக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கம்மாள் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். "மாமாகிட்டச் சொல்லிருவோமா ஆத்தா?" என்று பூமாரி கேட்டதற்கு, "ஆம்பளைகிட்டப் போய் இதையெல்லாம் எப்படிடி சொல்றது? தீவாளிக்கு வரட்டும், பக்குவமாச் சொல்லிக்கிருவோம்" என்றாள்.

தீபாவளி வரை பொறுக்கவில்லை. சுதந்திர தினத்தன்று பிள்ளைகளைக் கொடியோடு மெயின் ரோட்டில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். வழிவிட்டு ஒரு ஜீப் ஓரமாக நின்றது. ஓட்டி வந்தவர் கோட்டைச்சாமி. உள்ளே எஸ்டேட்டுக்குப் போகிற ஆட்கள் எட்டுப் பேர். தவசி என்பவன்தான் முதலில் பார்த்தான்.

"என்னண்ணே, அந்தா போறது உங்க மருமவதான? தாவணி போட்டிருச்சு! மாமன் சீரு எப்ப முடிஞ்சிச்சு? எங்களுக்கெல்லாம் ஒருவாய்ச் சோறு கிடையாதா?"

"மாமனுக்கே சோறு போட்டாகளோ என்னமோ, அதைக் கேளு முதல்ல" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஜீப் முழுக்கச் சிரிப்பு.

பூமாரி திரும்பினாள். மாமாவைக் கண்டதும் அவள் கை தானாகத் தாவணியை உருவி மறைக்கப் பார்த்தது. அதையும் அவர் பார்த்தார். ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் வந்தவர் வாசல்படி ஏறவில்லை.

"ஏக்கா, கூடப்பொறந்தவன் செத்தா போயிட்டேன்? எட்டுப் பேரு முன்னால என்னையத் தலைகுனிய வச்சுட்டியே."

"சத்தியமா அவ இன்னும் ஆகலைடா தம்பி. பள்ளிக்கூடத்துல சட்டம் போட்டுட்டாக."

"ஓகோ. சீரும் இனிமே பள்ளிக்கூடத்துலயே செஞ்சிருவாகளா?"

"நெசமாத்தான் மாமா..." என்று பூமாரி பக்கத்தில் வந்தாள்.

"நீ பேசாத தாயி. தப்பில்லைன்னா என்னையப் பார்த்ததும் எதுக்கு மறைச்ச?"

கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் அக்கம்மாள் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள். "சட்டத்துக்காகத்தான் போட்டுச்சுன்னு என் தம்பிக்கு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா."

"குடும்பச் சண்டைக்கெல்லாம் நான் சர்டிபிகேட் தரமுடியாதும்மா" என்றார் அவர்.

தை மாதம் பூமாரி வயதுக்கு வந்தாள். கம்பத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 'ரெண்டு தடவை சீர் செய்யிற வழக்கம் எங்களுக்கு இல்ல' என்று பதில் வந்தது. தம்பி எப்படியும் மனசு மாறி வருவான் என்று நம்பி அக்கம்மாள் தோப்பில் கேட்டு வெட்டிப் போட்டிருந்த பச்சை ஓலை, தொட ஆளில்லாமல் வாசலில் கிடந்து பழுத்தது. பூமாரி மாட்டுக்கொட்டத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஞானபாக்கியம் கொடுத்த அந்த வெள்ளைத் தாவணியையே தாய் போட்டுவிட்டாள். மங்கலக் காரியத்துக்கு வெள்ளை. தெருவில் யாரும் குலவையிடவில்லை.

இனி ஒளியாமல் உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கலாம். ஆனால் மாமன் கைவிட்ட வீட்டில் தாய் ஒருத்தியின் கூலி இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. பங்குனியில் பூமாரி கையில் கத்தரியோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். பிறகு கல்யாணம், ஒரு மகள். மாமா எதற்கும் வரவில்லை.

எண்பத்தெட்டில் அவர் இறந்த செய்திதான் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு பூமாரி போனாள். காரியம் முடிந்ததும் மாமாவின் மனைவி சந்தனம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பெல்லாம் வெளுத்துப்போன ஒரு பச்சைப் பட்டுத் தாவணியை எடுத்து நீட்டினாள்.

"பின்னாடி அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் ஜீப்புல வந்தப்ப எல்லாத்தையும் சொல்லிட்டாகளாம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை இவுக. போய்ப் பாருங்கன்னேன். எந்த மூஞ்சியோட அங்கன போவேன்னு உக்காந்துட்டாக. எங்க பொம்பளைப்பிள்ளைக மூணும் கேட்டுச்சுக. ஒருத்திக்கும் இதைக் குடுக்கலை."

பூமாரி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மகள் பட்டைத் தடவிப் பார்த்தாள்.

"தாவணியாம்மா? யாருக்கு?"

"எனக்கு" என்றாள் பூமாரி.