கீசரும் இல்லாத நாயும்

லண்டன் எப்படி என்று ஊரிலிருந்து கடிதம் போடுகிற எல்லோரும் கேட்கிறீர்கள். கக்கூசிலிருந்து தொடங்குகிறேன். இங்கே கழுவுவதில்லை. காகிதத்தால் துடைத்துவிட்டு எழும்பி, அதே கையை நமக்குக் குலுக்கக் கொடுக்கிறார்கள். வந்து மூன்று வருடமாகியும் எனக்குக் குமட்டுகிறது. பால்காரன் விடியவே வாசலில் வைத்துவிட்டுப் போகும் கண்ணாடிப் போத்தல்களில் ஒன்றைப் பால் முடிந்ததும் கக்கூசுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஊரில், சாய்ந்தமருதில், எங்கள் வளவுக் கோடியில் சீமெந்துத் தொட்டியும் டின் பேணியும் செய்த வேலையை இங்கே அந்தப் போத்தல் செய்கிறது.

மனைவி நசீமா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போத்தல் சரிவரவில்லை. அவளால் குனிந்து நிமிர முடியவில்லை. பனிக்காலத்துத் தண்ணீர் வேறு ஊசியாய்க் குத்தியது. "இதென்ன சீவியம். எங்கட மருதமுனையில ஆட்டுக்கும் தண்ணி இரிக்கி" என்று அழுதாள்.

பைப்புக்காரனைக் கூப்பிட்டு எதற்கென்று விளக்க எனக்கு வெட்கம். நானே இறங்கினேன். வயலில் தண்ணீர் இறைக்கும் மெசினின் ஹோஸ் வெடித்தால் வாப்பா பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றுவார். பைப்பு வேலையில் என் படிப்பு அவ்வளவுதான். பூந்தோட்டத்துக்கு அடிக்கிற ஹோஸ் ஒன்று வாங்கினேன். நுனியில் அழுத்தினால் மட்டும் தண்ணீர் சீறும். பச்சைத்தண்ணீர் மட்டும் என்றால் குளிருமே என்று, பச்சைத்தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை, சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை, இரண்டையும் சேர்த்து ஹோஸில் மாட்டி டியூப் சுற்றினேன். இளஞ்சூட்டில் சீறியது. நசீமா சிரித்தாள். அன்று நான்தான் எஞ்சினியர்.

அடுத்த நாள் கீசர் பற்றவில்லை. கீசர் என்பது கக்கூசும் ஒன்றாயிருக்கும் எங்கள் குளியலறைச் சுவரில் தொங்கும் ஒரு பெட்டி. தண்ணீரைச் சேமிக்கத் தாங்கி எதுவும் அதில் இல்லை. உள்ளே சின்னச் சுடர் ஒன்று எப்போதும் எரியும். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தால் பெட்டிக்குள் தண்ணீர் ஓட, அந்த வேகத்தில் காஸ் பற்றி, ஓடுகிற தண்ணீரையே சுட வைக்கும். இப்போது சுடர் இருந்தது, தண்ணீரும் நிறைய வந்தது, ஐஸாக வந்தது. தண்ணீர் நுழையும் வாயிலிருந்த வலையைக் கழற்றிக் கழுவினேன், தூசியை ஊதினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். மூன்று நாள் போனது.

"நாளைக்கு நாப்பது. குளிக்காம எப்பிடித் தொழுற?" என்றாள் நசீமா. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் தொழவில்லை. நாற்பதாம் நாள் தலைமுழுகித்தான் முசல்லாவை விரித்துத் தொழுகைக்கு நிற்க வேண்டும்.

"கேத்தல்ல சுட வச்சித் தரட்டா?"

"பச்ச ஒடம்பு. கேத்தல் தண்ணி தலைக்கே காணா."

வேறு வழியின்றிக் கீழ்மாடியில் இருக்கும் வீட்டுக்காரக் கிழவரைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரர். அவர் கீசரைப் பார்க்கவில்லை, ஹோஸைப் பார்த்தார். "நாய் வளர்க்கிறாயா?" என்றார்.

"கழுவுவதற்கு" என்றேன்.

"எதை?"

காகிதத்தால் துடைக்கிறவருக்கு முன்னால் கழுவுகிறவன் வெட்கப்பட்டு நின்றேன். நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு தரம் கழுவும் வீட்டில் பிறந்த நான், ஆம், நாய்தான் என்று தலையாட்டினேன். சீ, என்ன மனிதன் நான்! திங்கட்கிழமைக்குள் நாயும் ஹோஸும் வெளியேற வேண்டும், கீசருக்கு அடுத்த கிழமை ஆள் வரும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

"நம்மட ஊட்டுல நாயா?" என்றாள் நசீமா.

"சும்மா சொன்னன்."

"சுத்தமா இரிக்கிறம் எண்டு சொல்ல வெக்கம். நாய் வளக்கிறம் எண்டு சொல்ல வெக்கமில்ல."

குளியலறைக்குள் போய்க் கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை முழுதாகப் பூட்டினேன். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தேன். அப்போதும் தண்ணீர் கொட்டியது! அப்படியென்றால் இந்தத் தண்ணீர் கீசருக்குள் போகவே இல்லை. வயலில் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை எங்களுக்குத் திறந்துவிட்ட தண்ணீரைப் பக்கத்து வயல்காரன் வரம்பை வெட்டித் திருப்பிவிடுவான். வாய்க்கால் நிறைய ஓடும், எங்கள் வயல் காயும். வாப்பா அதைக் கள்ள மடை என்பார். என் ஹோஸ் பூட்டியிருக்கும்போது, இரண்டு கிளையும் சேர்ந்த இடத்தால் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் குறுக்காக ஓடியிருக்கிறது. இங்கே வரம்பை வெட்டிய கள்ளன் நான்தான்.

ஹோஸைக் கழற்றிக் கிளைகளை அடைத்து வால்வைத் திறந்தேன். கீசர் குப்பென்று பற்றியது. மறுநாள் நசீமா வெகுநேரம் குளித்தாள். கதவின் கீழால் ஆவி வந்தது. பிறகு தொழுதாள். நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து அவள் தலை எழும்ப நெடுநேரம் ஆனது. நான் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் கிழவர் நிற்கிறார். "நாய் எங்கே?"

"கொடுத்துவிட்டேன்."

அவர் முகம் வாடிவிட்டது. தன்னுடைய நாயும் போன வருடம்தான் செத்தது என்றார். வீடு வெறிச்சென்று இருக்கும், எனக்குத் தெரியும் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை எனக்கு அருவருத்தது, என் பொய் அதைவிட அருவருத்தது. பிறகு குனிந்து, வாசலில் பால்காரன் வைத்திருந்த போத்தலை எடுத்து என்னிடம் தந்தார்.

நன்றி என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே, கக்கூசில், ஹோஸ் போன இடத்தில் மறுபடியும் அதன் சோடிப் போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.