காது கேட்ட துரைசானி

பங்காருபேட்டைக்குப் போன மருமகள் நேற்று கார்பாலிக் சோப்பு ஒன்று வாங்கிவந்தாள். பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ அதை முகர்ந்தபடி உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு மல்லிகையைவிட இந்த வாசனைதான் இளம்வயசைக் கூட்டிவரும்.

தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகச் சேர்ந்த நாட்கள் அவை. நானும் ரோசம்மாவும் வேலூர்ப் பக்கத்துப் பெண்கள். நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி எங்கள் மேலெல்லாம் இந்த வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். சயரோக வார்டில் போட்டதும் ரோசம்மா அழுதாள். நான் அழவில்லை. தைரியம் ஒன்றுமில்லை, அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

எங்களைப் பழக்கிய வெள்ளைக்காரத் துரைசானிக்கு அப்போதுதான் தமிழ் வர ஆரம்பித்திருந்தது. இருமும்போது துணியால் வாயை மூடுவது, மூடி போட்ட கிண்ணத்தில் சளி துப்புவது, கிண்ணத்தைக் கொதிக்கவைப்பது எல்லாம் தானே செய்துகாட்டிவிடுவார். ஜன்னலில்தான் வம்பு. மார்கழிக் குளிரில் நோயாளிகள் சாத்துவார்கள், அவர் திறப்பார். ஒருநாள் துரைசானி பொறுமை போய், சுரங்கப் பாறையில் துளை போடும் முனுசாமி அண்ணன் கட்டிலுக்கு முன்னால் நின்றார். இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கியது.

"காது வேணும்! நிறைய காது வேணும்!"

காற்றைத்தான் சொன்னார். மத்தியானம் பார்த்தால் அண்ணன் கட்டில் காலி.

காய்ச்சலோடு போயிருந்தார். வீட்டில் கைக்குழந்தை வேறு. நாங்கள் இருவரும் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனுக்கு ஓடினோம். ஒற்றை அறை; கதவு இடுக்கிலெல்லாம் கந்தல் அடைத்திருந்தது. கதவைத் தட்டியதும் அவர் மனைவி கன்னியம்மா முறத்தோடு வந்து வழிமறித்தாள்.

"இன்னா, ரெண்டு பேரா வந்துக்கிறீங்க? ஆளுக்கு ஒரு காதா?"

ரோசம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. நான்தான், "காது இல்லக்கா, காத்து! ஜன்னலத் தொறக்கச் சொன்னாங்க" என்றேன்.

உள்ளே கம்பளிக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது: "காத்தா? சொரங்கத்துல கீழ லெவல்ல காத்து நின்னா நாங்களே மேல ஓடியாந்துடுவோமே! அத சொல்றதுக்கு கத்திரி எதுக்கும்மா?"

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று அழுதாள். "இவரு பொழைப்பாரா?"

நான் கம்பளிக்குப் பக்கத்தில் கிடந்த குழந்தையைக் காட்டினேன். "கொழந்தைய தள்ளிப் படுக்க வைங்கக்கா. அண்ணன நாங்க பாத்துக்கறோம்."

முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவளே கந்தலைப் பிடுங்கி எறிந்தாள்.

அண்ணன் எங்களோடு வார்டுக்குத் திரும்பினார். அன்றிலிருந்து துரைசானி செய்துகாட்ட, நாங்கள் லைன் பேச்சில் சொன்னோம். ரோசம்மா இருமிக் காட்டினால் நோயாளிகளே விழுந்து சிரிப்பார்கள். லைன் பெண்களும் வந்து கேட்டுப் போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். அண்ணன் பிழைத்தார். முட்டையும் பாலுமாகச் சதை பிடித்து, சுரங்கத்துக்கு மேலே மரக்கிடங்கில் வேலைக்குப் போனார். ஒரு திருவிழாவில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

துரைசானி கப்பலேறினார். ரோசம்மா பக்கத்துப் பாலகாட் சுரங்கக் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டாள்; இப்போது அவளும் கண்மூடிவிட்டாள். அந்த நாளில் வார்டின் நீள வராந்தாவில் நோயாளிகள் வெயில் காய வரிசையாகப் படுத்திருப்பார்கள். யார் கடந்துபோனாலும், "நின்னு ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க" என்பார்கள். இப்போது அங்கே தகரக் கொட்டகை. உள்ளே மெஷின் ஓடுகிறது. நின்று பேசினாலும் கேட்காது.